மருந்துண்டு, துணையில்லை: பின்னலாடை நகரில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் உள்ளமும் சமூகமும்

முன்னுரை

நோயைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் பேசவந்த வள்ளுவப் பெருந்தகை, 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்னும் நான்குமே அவை. முதல் மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதையும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணியதில்தான் வள்ளுவரின் நுண்ணறிவு விளங்குகின்றது. துணையிருப்பவன் மருத்துவத்திற்குப் புறம்பானவன் அல்லன். மருத்துவத்தின் ஓர் உறுப்பே ஆவான்.

எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்வோரை இந்த நான்கு கூறுகளையும் கொண்டு நோக்குவோமாயின், ஓர் உண்மை புலப்படும். மருத்துவர் இருக்கின்றார். மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. நோயுற்றவரும் வாழவே விரும்புகின்றார். ஆனால், நான்காவதாகிய துணை பலர்க்கு இன்னும் வாய்க்கவில்லை. அது வாய்க்காமையால் ஏனைய மூன்றும் பயனற்றுப் போவதும் உண்டு. இந்நிலைக்கு உளவியல் காரணங்களும் சமூகக் காரணங்களும் யாவை, அவற்றைக் களைவதில் நமக்குள்ள பங்கு யாது என்பவற்றைத் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தைக் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு தெளிவு தேவை. எச்.ஐ.வி. என்பது உடலின் எதிர்ப்பாற்றலைச் சிதைக்கும் கிருமி. அக்கிருமி உடலில் புகுந்து, மருத்துவம் பெறாமல் பல ஆண்டுகள் கடந்தபின், எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிப் பிற நோய்கள் பற்றிக்கொள்ளும் முற்றிய நிலையே எய்ட்ஸ். தொற்றுடையோர் அனைவரும் எய்ட்ஸ் நிலையில் இருப்பவர் அல்லர். காலத்தே மருந்துண்போர் அந்நிலையை அடையாமலே நெடுங்காலம் வாழ இயலும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் பிழையிலிருந்தே பல துன்பங்கள் தொடங்குகின்றன.

தமிழகத்தில் இந்நோயின் வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னை மாநகரில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த மருத்துவர் சுனிதி சாலமன், தம் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலாவை இவ்வாய்வில் ஈடுபடுத்தினார். நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டுக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் இந்நோய் இல்லை என்றிருந்த நம்பிக்கை அன்றோடு முடிவுக்கு வந்தது.

மருத்துவ வரலாற்றில் இது பெரும் சாதனை. ஆயினும், சமூக வரலாற்றில் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. முதலில் சோதிக்கப்பட்டவர்கள் சமூகம் முன்னரே ஒதுக்கிவைத்த பெண்கள். ஆதலின், 'இது அப்படிப்பட்டவர்களுக்கு வரும் நோய்' என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே மக்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. கிருமி எவரையும் தரம் பார்த்துப் பற்றுவதில்லை. நாமோ நோயைக் கேட்டவுடன் தரம் பிரிக்கத் தொடங்கிவிட்டோம். அந்த ஆறு பெண்களின் உள்ளத்தில் அன்று என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து வந்த மாற்றங்கள். 1993இல் சுனிதி சாலமன் தொற்றுடையோர்க்கெனத் தனி மருத்துவ நிறுவனம் ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். தாம்பரம் காசநோய் மருத்துவமனை, பிறர் தொடத் தயங்கிய நோயாளரை ஏற்று மருத்துவம் செய்தது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. இத்தகைய சங்கத்தை இந்தியாவில் முதலில் அமைத்த மாநிலம் தமிழகமே. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் கூட்டு மருந்துச் சிகிச்சையை விலையின்றி வழங்கும் திட்டத்தை நடுவணரசு தொடங்கியது. 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே மருந்து தொடங்கப்படுகிறது. முன்பு காலையும் மாலையும் உண்ண வேண்டியிருந்த மாத்திரைகள், இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரையாகச் சுருங்கிவிட்டன.

மருந்தின் ஆற்றல் இன்னும் வியப்பிற்குரியது. இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் 1,763 இணையரிடையே நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளிவந்தது. சென்னையும் அவ்வாய்வுக் களங்களுள் ஒன்று. தொற்றுடையவர் முன்னதாகவே மருந்துண்டால், அவர்தம் துணைவர்க்குத் தொற்றும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. குருதியில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்து, அந்நிலை தொடர்ந்து காக்கப்படுமாயின், உடலுறவின் வழியாகவும் தொற்று பரவுவதில்லை என்பது பின்வந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டது. மருத்துவம் பெறாத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை. உரிய மருத்துவத்தால் அது ஐந்திற்கும் கீழே குறைகிறது.

இத்துணை மாற்றம் நிகழ்ந்த பின்னரும் நம் பேச்சு மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னே நின்றுவிட்டது. அதன் விளைவை இனிக் காண்போம்.

உள்ளத்தில் நிகழ்வன

புரிதலுக்காக ஒருவரை நம் எண்ணத்தில் முன்னிறுத்துவோம். தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கணவரோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்த பெண் அவர், வயது முப்பது. கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். மனைவிக்குச் செக்கிங் வேலை. கணவர்க்கு விடாத இருமல் கண்டு காசநோய் என்று தெரிகிறது. காசநோயர் அனைவர்க்கும் எச்.ஐ.வி. சோதனை செய்வது வழக்கமாதலின் அவர்க்கும் செய்யப்படுகிறது. அடுத்து மனைவிக்கும் சோதனை. இருவர்க்கும் தொற்று உறுதியாகிறது. இது ஒருவரின் கதையன்று. இவ்வழியாகத் தம் நிலையை அறிந்த குடும்பங்கள் பல.

அந்த ஒரு கணத்தில் அப்பெண்ணின் உள்ளம் என்ன ஆகின்றது? முதலில் அதிர்ச்சி. காதில் விழுந்த சொற்கள் பொருள் தர மறுக்கின்றன. பின்னர் மறுப்பு: 'சோதனையில் தவறு நேர்ந்திருக்கும், வேறிடத்தில் பார்ப்போம்' என்ற எண்ணம். அதன்பின் சினம். கணவர்மீது சினம், விதியின்மீது சினம். ஆனால், அச்சினத்தைக் காட்ட இயலாது. நோயுற்ற கணவரைப் பேண வேண்டியவரும் அவரே அன்றோ? இவற்றிற்கெல்லாம் பிறகு அச்சம் வந்து நிலையாகத் தங்கிவிடுகின்றது. சாவைப் பற்றிய அச்சத்தினும், பிறர் அறிவரோ என்னும் அச்சமே பெரிதாகின்றது.

இவ்விடத்தில் உளவியலார் சுட்டும் ஓர் உண்மை கருதத்தக்கது. சமூகத்தின் இகழ்ச்சியை நோயுற்றவர் தாமே தம்முள் ஏற்றுக்கொள்கின்றார். எவரும் ஒன்றும் சொல்லாதபோதே தம் தட்டையும் குவளையையும் தனியே எடுத்து வைக்கின்றார். குழந்தையை முத்தமிடத் தயங்குகின்றார். பிள்ளையின் நகத்தை வெட்டும்போது கை நடுங்குகின்றார். தவறேதும் செய்யாத அப்பெண்ணே 'நான் என்ன பாவம் செய்தேனோ' என்று தம்மைக் குற்றக்கூண்டில் நிறுத்திக்கொள்கின்றார். ஊர் பின்னர் வழங்கக்கூடிய தண்டனையை உள்ளம் முன்னதாகவே வழங்கிவிடுகின்றது.

இதன் விளைவுகள் உடலையும் தாக்குகின்றன. உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் பற்றின்மை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். மனச்சோர்வுற்றவர் மருந்தை மறக்கின்றார்; அல்லது 'யாருக்காக உண்ண வேண்டும்' என்று விட்டுவிடுகின்றார். கூட்டு மருந்தை இடையிடையே விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காத வலிமை பெறக்கூடும். எனவே, உள்ளத்தின் துயர் வெறும் துயராக நிற்பதில்லை. குருதியில் கிருமியின் எண்ணிக்கையாகவே மாறிவிடுகின்றது.

நோயன்று, நாணமே கொன்ற ஓர் உயிர்

2018ஆம் ஆண்டு இறுதியில் தமிழகத்தை உலுக்கிய ஒரு நிகழ்ச்சியைப் பலரும் நினைவிற்கொண்டிருப்பர். விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில், கருவுற்றிருந்த பெண் ஒருவர்க்கு மருத்துவமனையில் செலுத்தப்பட்ட குருதியில் எச்.ஐ.வி. இருந்தது. அக்குருதியைக் கொடையாக அளித்தவர் ஓர் இளைஞர். தமக்குத் தொற்று இருப்பதை அறியாமலே, உறவினர் ஒருவரின் தேவைக்காக அவர் குருதி கொடுத்திருந்தார். அயல்நாட்டு வேலைக்கான உடற்சோதனையில் உண்மை தெரிந்ததும், தம் குருதி பிறர்க்குச் சென்றுவிடலாகாது என்று தாமே முன்வந்து தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. செய்தி நாடெங்கும் பரவிய சில நாட்களில் அவர் தம்மையே மாய்த்துக்கொள்ள முற்பட்டு, திசம்பர் 30ஆம் நாள் மதுரை மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அப்பெண்ணுக்கு இழைக்கப்பட்டது பெருந்தீங்கு. அதனை எவ்வகையாலும் சிறிதாக்கலாகாது. அதே வேளையில் அவ்விளைஞரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவரைக் கொன்றது எச்.ஐ.வி. அன்று. அக்கிருமிக்கு மருந்து இருந்தது. அவர்க்கு முன்னே நீண்ட வாழ்வும் இருந்தது. உண்மையைச் சொல்லும் துணிவு அவர்க்கு இருந்தது. உண்மையைச் சொன்னவர்க்கு அருகே நிற்பதற்குத் துணைதான் போதவில்லை. நான்காம் கூறு இல்லாதவிடத்து முதல் மூன்று கூறுகளும் இருந்தும் உயிர் போகும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

பின்னலாடை நகரின் வாழ்க்கை அமைப்பு

மறைத்து வாழும் இத்துன்பத்தைத் தொழில் நகரின் வாழ்க்கை முறை எவ்வாறு மிகுவிக்கின்றது என்பது அடுத்து ஆராயத்தக்கது. 2009இல் தனி மாவட்டமாகிய திருப்பூர், நூலைத் துணியாகப் பின்னுவது முதல் சாயமேற்றல், வெட்டல், தைத்தல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரை பலப்பல சிறு கூடங்களில் பகிர்ந்து நடைபெறும் தொழிலால் வாழும் ஊர். மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும், பிற்காலத்தில் பீகார், ஒடிசா முதலிய வடமாநிலங்களிலிருந்தும் வந்த உழைப்பாளர்களின் வியர்வையே இந்நகரின் வளம்.

இங்கே பலர்க்குக் கூலி ஷிப்டுக்கு இவ்வளவு என்றோ, பீசுக்கு இவ்வளவு என்றோ கணக்கிடப்படுகிறது. ஏற்றுமதி அவசரமென்றால் ஒன்றரை ஷிப்டும் உண்டு. இரவு வேலையும் உண்டு. சனிக்கிழமை சம்பளத்தை நம்பியே அடுத்த வாரத்து வாடகையும் மளிகையும் அமைகின்றன. இந்நிலையில் மருந்து வாங்க ஒரு நாள் போவதென்றால் அந்நாள் கூலி போயிற்று. அதைவிடக் கடினமானது, 'எங்கே போனாய்?' என்று கேட்கும் காண்ட்ராக்டருக்கு விடை சொல்வது. ஒரு மாதம் காய்ச்சல் என்பார். மறு மாதம் ரேஷன் கார்டு வேலை என்பார். மூன்றாம் மாதம் சொல்வதற்குப் பொய் கிடைக்காது.

நாம் முன்னிறுத்திய பெண்ணின் ஒரு நாளை நோக்குவோம். அவர் குடியிருப்பது வரிசையாக அமைந்த லைன் வீடுகளுள் ஒன்றில். தண்ணீர்க் குழாய் பொது, கழிப்பறை பொது, ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். மருந்துப் புட்டியின் மேலுள்ள தாளை உரித்துவிடுகின்றார். உள்ளே மாத்திரை உருளும் ஓசை கேளாதிருக்கப் பஞ்சை வைத்து அடைக்கின்றார். இரவு ஷிப்டு இருந்தால் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்த் தண்ணீர்ப் பானையருகே எவரும் காணாமல் விழுங்குகின்றார். 'என்ன மாத்திரை அக்கா?' என்று உடன் வேலை செய்யும் பெண் அன்போடு கேட்டால்கூட நெஞ்சு படபடக்கின்றது. அவருடைய உழைப்பில் பாதி மறைப்பதற்கே செலவாகின்றது.

பொங்கலும் தீபாவளியும் வந்தால் நகரமே சொந்த ஊர்களுக்குப் புறப்படும். பிறர்க்கு மகிழ்ச்சி தரும் அந்நாட்கள் இவர்க்கு மிகுந்த அச்சம் தருவன. ஊரில் ஒரே அறையில் பத்துப் பேர் உறங்குவர். பெட்டியைக் குழந்தைகள் திறப்பர். ஆகவே மருந்தை நகரிலேயே விட்டுச் செல்வோரும் உளர். கணவர் இறந்தபின்னோ நிலை இன்னும் கடுமையாகும். 'நீதான் அவனுக்குக் கொடுத்தாய்' என்னும் பழி மனைவிமேல் விழுவதும், மாமியார் வீட்டில் அவர்க்குரிய பங்கு மறுக்கப்படுவதும் பெண்கள் பலர் கண்ட கொடுமைகள்.

நகரம் தரும் ஒரு நன்மையையும் மறைத்தல் கூடாது. யாரும் யாரையும் அறியாத கூட்டத்தில் ஒளிந்து வாழ இயலும். ஊரில் துரத்தப்பட்டவர்க்கும் இங்கே ஒரு வேலை கிடைக்கும். ஆயினும், ஒளிந்து வாழ உதவும் அதே கூட்டம் துணை தேடும்போது உதவுவதில்லை. நோய்ப்பட்டுக் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கத் தாய் இல்லை. அழுதால் தேற்ற உடன்பிறந்தார் இல்லை. கம்பெனி மாறி, குடியிருப்பு மாறி, ஊர் மாறிச் செல்வோர் தம் பதிவை வேறு மருத்துவ மையத்திற்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை அறியாமல் மருந்தையே விட்டுவிடுகின்றனர்.

வீண் அச்சங்கள்

தையற்கூடத்தில் நிலவும் ஓர் அச்சத்தைத் தனியே சொல்லுதல் வேண்டும். பவர் டேபிளில் ஊசி விரலில் ஏறுவது அரிதன்று. 'அவள் தைத்த மெஷினில் நான் எப்படித் தைப்பது?' என்னும் கேள்வி அதிலிருந்து எழுகின்றது. மருத்துவமனையில் தொற்றுடையவரின் குருதி தோய்ந்த ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்க்கே தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றுதான். அவ்வாறு நேரினும் 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்து தொடங்க வழியுண்டு. ஒருவர் தைத்த எந்திரத்தில் மற்றொருவர் தைப்பதால் இந்நோய் பரவுவதில்லை. ஊசி ஏறினால் எந்திரத்தை நிறுத்தி, காயத்தைக் கழுவி, ஊசியை மாற்றிவிட வேண்டும் என்பது, தொற்று இருப்பினும் இல்லாவிடினும், எல்லோர்க்கும் பொதுவான நல்முறையாகும்.

ஒரே தட்டில் உண்பது, கைகுலுக்குவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, கொசு கடிப்பது ஆகிய எவற்றாலும் இது பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, தூய்மைசெய்யாத மருத்துவ ஊசி, மருத்துவம் பெறாத தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளே இதற்கு உள்ளன. இவற்றை மாணவர் அனைவரும் பாடமாகப் படித்துள்ளனர். தேர்வில் சரியாக எழுதிய விடையை வாழ்விலும் சரியாக எழுதுகின்றோமா என்பதே கேள்வி.

சொல் செய்யும் தீங்கு

தமிழ் பயில்வோர் ஆகிய நாம் தனிக் கவனம் செலுத்த வேண்டிய பகுதி இதுவே. 'உயிர்க்கொல்லி நோய்' என்னும் தொடர் ஒரு காலத்தில் சுவர்தோறும் எழுதப்பட்டது. மக்களை எச்சரிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் எழுந்த தொடர்தான் அது. மருந்தில்லாத காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. மருந்து வந்த பின்னரும் அத்தொடர் நம் நாவில் தங்கிவிட்டமையால், இன்று சோதனை முடிவைக் கேட்பவர் அச்சுவரெழுத்தையே தம் மரணச் சீட்டாகப் படிக்கின்றார்.

2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்னும் விளம்பரம் தமிழகமெங்கும் காணப்பட்டதைப் பெரியோர் நினைவுகூர்வர். பேசவே கூசிய ஒரு பொருளைத் தேநீர்க் கடைவரை கொண்டுவந்து பேச வைத்த வகையில் அது வெற்றி பெற்றது. அதே வேளையில் அப்பெயர் இளைஞரிடையே கேலிப் பெயராகவும் வழங்கியது. பேசுவதற்குக் கற்றுக்கொண்ட நாம், எவ்வாறு பேசுவது என்பதைக் கற்கத் தவறினோம்.

இதற்கு மாறாக, தமிழ் நமக்கு வழங்கியுள்ள ஓர் இனிய சொல்லையும் எண்ணுதல் வேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் மனத்தை ஆற்றி வழிகாட்டுபவரை 'ஆற்றுப்படுத்துநர்' என்கிறோம். அவர் பணிசெய்யும் இடத்திற்கு அரசு இட்ட பெயர் 'நம்பிக்கை மையம்'. ஆற்றுப்படை என்பது என்ன? வள்ளலிடம் பரிசில் பெற்று வரும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழிசொல்லி அனுப்புவது. தான் நடந்த வழியின் கல்லையும் முள்ளையும் அறிந்தவனே மற்றவனுக்கு வழிகாட்ட வல்லவன். தொற்றோடு வாழ்வோர் ஒன்றுகூடி அமைத்த சங்கங்கள் செய்வதும் இதுவே. நாமக்கல் பகுதியில் வாழ்க்கைப்பட்டு, கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளான பி. கௌசல்யா, தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளிப்படப் பேசி, 1998இல் தொற்றுடைய பெண்களுக்கென ஒரு கூட்டமைப்பைச் சென்னையில் தோற்றுவித்தார். 'நானும் உன்னைப் போன்றவள்தான். இதோ வாழ்கிறேன்' என்று ஒருவர் சொல்லக் கேட்பதினும் சிறந்த ஆறுதல் வேறில்லை.

சட்டம் தரும் காவல்

நீதிமன்றங்களும் இத்துறையில் நல்வழி காட்டியுள்ளன. தற்காலிகத் தொழிலாளி ஒருவர்க்குத் தொற்று இருந்தமையால் வேலை மறுக்கப்பட்ட வழக்கில், வேலைக்குத் தகுதியான உடல்நிலை உடையவர்க்கு எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலை மறுப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர், 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வுரிமையை நாடெங்கும் நிலைநாட்டியது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் வேற்றுமை காட்டுதலை அது தடைசெய்கிறது. ஒருவரின் இசைவின்றி அவரைச் சோதிப்பதும், அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுவதும் கூடாதென்கிறது. வேலைக்கு முன் நிபந்தனையாகச் சோதனை கேட்பதையும் மறுக்கிறது.

நூறு பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள் முறையீட்டு அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது அச்சட்டத்தின் மற்றொரு கூறு. திருப்பூரின் நிலையை இதனோடு பொருத்திப் பார்த்தல் நன்று. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஆனால், பத்துப் பேரும் இருபது பேரும் வேலை செய்யும் ஜாப் ஒர்க் கூடங்களில் முறையீட்டு அலுவலர் இரார். வேற்றுமை காட்டலாகாது என்னும் விதி அங்கும் உண்டு. அதனைக் கேட்பதற்கோர் ஆள்தான் இல்லை. சட்டத்தின் கை எட்டாத அவ்விடத்தில் மனிதரின் கை எட்ட வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

இந்தியாவில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கின்றனர். ஆகவே நம் வகுப்பறையிலும், தெருவிலும், உறவிலும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் யார் என்று தேடுவது நம் வேலையன்று. அவர் ஒருநாள் நம்மிடம் சொல்ல நேர்ந்தால் நாம் எவ்வாறு நடந்துகொள்வோம் என்பதற்கு ஆயத்தமாக இருப்பதே நம் வேலை.

அவ்வாறு ஒருவர் சொல்வாராயின், முதலில் 'எப்படி வந்தது?' என்று கேட்காதிருத்தல் வேண்டும். அக்கேள்வி நலம் கேட்பது போலத் தோன்றினும் உண்மையில் அது விசாரணையே. 'மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? மருத்துவமனைக்கு நான் உடன் வரட்டுமா?' என்னும் இரண்டு கேள்விகள் போதும். கேட்டதை எவரிடமும், நம் வீட்டாரிடமும்கூட, சொல்லாதிருத்தல் வேண்டும். பிறர் காண அவரோடு அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவது, நூறு சொற்பொழிவுகளினும் மேலானது.

ஆசிரியர்கள், பெற்றோரை இழந்த குழந்தைகளையும், அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவரையும் காரணம் துருவாமல் அரவணைத்தல் வேண்டும். கல்லூரிகளில் இயங்கும் செஞ்சுருள் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை திசம்பர் முதல் நாளில் பேரணி நடத்துவதோடு நில்லாமல், தையற்கூடங்களிலும் லைன் வீடுகளிலும் உள்ள இளைஞரிடம் நம்பிக்கை மையத்தின் இருப்பிடத்தையும், 1097 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணையும் கொண்டு சேர்த்தல் வேண்டும். தொழில் நடத்துவோர், மாதம் ஒருமுறை காரணம் கேளாமல் அரைநாள் விடுப்பு அளிக்கும் வழக்கத்தை எல்லாத் தொழிலாளர்க்கும் பொதுவாக ஏற்படுத்தினால், எவரும் பொய் சொல்ல வேண்டிய நிலை நேராது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நோயுற்றோரைச் சென்று காண்பதைக் கடமையாக வகுத்தது இஸ்லாம்; எந்த நோய் என்று அது வரையறுக்கவில்லை. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டவும் தயங்கிய காலம் ஒன்று நம்மிடையே இருந்தது. கையுறையணிந்து, வழக்கமான தூய்மை முறைகளைக் கடைப்பிடித்து அக்கடமையை அச்சமின்றிச் செய்யலாம். பெரியவர் ஒருவர் முன்சென்று தொட்டால் தெருவே பின்தொடரும். பெரியவர் ஒதுங்கினால் தெருவே ஒதுங்கும். திருமணத்திற்கு முன் இருவரும் தாமே விரும்பிச் சோதித்துக்கொள்வதை ஊக்குவிப்பதும், கணவரை இழந்து வரும் பெண்ணுக்குரிய பங்கைப் பெற்றுத் தருவதும் அவர்கள் கையில் உள்ள நற்பணிகள்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், எச்.ஐ.வி.யோடு வாழ்வோரை இன்று வருத்துவது கிருமியினும் மறைத்து வாழும் கட்டாயமே என்பதும், அக்கட்டாயத்தைப் பழைய சொற்களும் வீண் அச்சங்களும் கூலிமுறையும் சேர்ந்து நிலைபெறச் செய்கின்றன என்பதும், உள்ளத்தின் துயர் மருந்தையே பயனற்றதாக்க வல்லது என்பதும் பெறப்படுகின்றன.

பின்னலாடைத் தொழிலை அறிந்தோர் ஒன்றை அறிவர். பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அவ்விடத்தோடு அது நிற்பதில்லை. இழை இழையாகப் பிரிந்து துணி முழுவதும் ஓடும். உலகுக்கெல்லாம் ஆடை நெய்தளிக்கும் ஊரில், செக்கிங் மேசையின் முன் நின்று பிறர் துணியில் விட்டுப்போன கண்ணியைத் தேடிக் குறிக்கின்றார் ஒரு பெண். சமூகம் என்னும் பின்னலில் விட்டுப்போன கண்ணி தாமே என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கின்றார். அக்கண்ணியை எடுத்துக் கோக்க வேண்டியவர் நாம். வள்ளுவர் எண்ணிய நான்காமவராக நாம் அவர் அருகே நிற்போமாக!